கிரனாதாவில் முதல் வாரம்

கி.பி. 1340களில் மதுரைக்கு வந்த தஞ்சீர் நகரத்துப் பயணி இப்னு பதூதா இங்கே கடுங்காய்ச்சலில் விழுந்தார். தம் வாழ்வு இவ்வூரிலேயே முடிந்தது என்று எண்ணினார். இந்நாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் புளியை ஏறத்தாழ ஒரு ராத்தல் எடுத்து நீரில் கரைத்துக் குடித்ததாகவும், மூன்று நாள் வயிறு கழிந்து நோய் நீங்கியதாகவும் தம் பயணநூலில் அவரே சொல்லியிருக்கிறார். பிழைத்து எழுந்ததும் ஊர் வெறுத்துப்போய்ப் புறப்பட விடை கேட்டார் என்பதையும் அவர் மறைக்கவில்லை. மதுரையின் பெருமை பேசும் நாம் இப்பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுவது வழக்கம்.

அதே மனிதர் 1350இல் ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் உள்ள கிரனாதா நகரில் தங்கினார். அந்நகரில் குடியேறி வாழ்ந்த அயல்நாட்டுத் துறவியரைப் பற்றிக் கூறுமிடத்தில், சமர்க்கந்து, தப்ரீஸ், கூனியா, குராசான் என ஊர்களை அடுக்கிவந்து, இந்தியர் இருவரையும் அவர் குறிப்பிடுகிறார். தங்கள் தாயகத்தை ஒத்திருந்தமையால் அவர்கள் அங்கே தங்கிவிட்டனராம். ஆகவே மதுரைப் புளியைக் கரைத்துக் குடித்த ஒருவர் கிரனாதாவின் தெருக்களில் நடந்ததும், அத்தெருக்களில் அவருக்கு முன்பே இந்தியர் நடமாடியதும் அறுநூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட செய்திகள். அவர் அங்குச் செல்வதற்கு ஓராண்டு முன்னர்தான், 1349இல், சுல்தான் முதலாம் யூசுப் அந்நகரில் ஒரு மத்ரஸாவை நிறுவியிருந்தார். 1492இல் ஆட்சி மாறியது. 1531இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பல்கலைக்கழகம் ஒன்றைத் தோற்றுவித்தார். அப்பழைய மத்ரஸாவின் கட்டடம் இன்று அப்பல்கலைக்கழகத்தின் உடைமையாக இருக்கிறது.

இன்று நம் மாணவன் ஒருவன் அந்நகருக்கு உயர்கல்வி பெறச் சென்று இறங்குகிறான் என்று கொள்வோம். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவன். மதுரைக் கல்லூரி ஒன்றில் பட்டம் பெற்றவன். ஓராண்டு முயன்று ஸ்பானிய மொழியின் அடிப்படையைக் கற்றுக்கொண்டவன். மாணவியாயினும் நாம் சொல்லப்போவது பொருந்தும். மத்ரித் வானூர்தி நிலையத்தில் இறங்கி, ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பேருந்தில் தெற்கு நோக்கிப் பயணம் செய்து, செப்டம்பர் மாதத்து மாலையொன்றில் அவன் கிரனாதாவை அடைகிறான். பெட்டியில் என்னென்ன எடுத்துச்செல்ல வேண்டுமென்று அவனுக்கு அறிவுரை கூறாதவர் எவருமிலர். ஊறுகாய் புட்டியிலிருந்து கம்பளிச் சட்டை வரை எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. ஆனால் அவன் நாவிலும் செவியிலும் முன்னரே என்ன இருக்கிறது என்பதை ஒருவரும் அவனுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் நாள் காலை அவனுக்கு நேர்வது ஒரு பெருந்திகைப்பு. அவன் கற்ற மொழியை அந்த ஊரில் யாரும் பேசவில்லை! ஆம், அப்படித்தான் தோன்றும். கிரனாதா அடங்கிய அந்தலூசியப் பகுதி மக்கள் சொல்லின் இறுதியில் வரும் சகர ஒலியை மூச்சொலியாக்கி விழுங்கிவிடுவர். இரு உயிர்களுக்கு இடையே நிற்கும் தகரமும் பல சொற்களில் கரைந்துபோகும். மீனுக்குப் பாடநூல் கற்பித்த சொல் ‘பெஸ்காதோ’. கடைக்காரர் வாயில் அது ‘பெஹ்காவோ’. ‘எல்லாம்’ என்னும் பொருளுடைய ‘தோதோ’ வெறும் ‘தோ’ ஆகிவிடும். ஓராண்டு உழைப்பு வீணாயிற்றோ என்று மாணவன் மனம் சோர்கிறான். பல்கலைக்கழகத்து விரிவுரையாளர் பேசினால் பாதி விளங்குகிறது. ரொட்டிக் கடைக்காரர் பேசினால் ஒன்றும் விளங்கவில்லை.

தமிழனுக்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை. நாம் பிறந்ததிலிருந்தே இரண்டு மொழிகளில் வாழ்கிறோம். ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று எழுதிவிட்டு ‘வந்துக்கிட்டிருக்கான்’ என்று பேசுகிறோம். சார்லஸ் பெர்குசன் என்னும் அமெரிக்க மொழியியலறிஞர் 1959இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இந்நிலையை விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட நான்கு மொழிச் சூழல்களுள் அரபும் ஒன்று. இரட்டை வழக்கு என்று நம் மொழியியலார் குறிக்கும் இந்நிலைக்குத் தமிழும் சிறந்த சான்று என்பது இன்று உலகறிந்த செய்தி. ஸ்பானிய மொழியின் நிலை இத்துணைப் பெரும் பிளவுடையதன்று; அங்கே நிகழ்வது வட்டார வழக்கின் வேறுபாடே. எனினும், ஏட்டு வடிவத்திலிருந்து வாய் வடிவத்தை ஊகித்தறியும் பயிற்சி நமக்குக் குழந்தைப் பருவத்திலேயே வாய்த்துவிடுகிறது. எவ்வொலி தேயும், எவ்வசை மறையும் என்று செவி தானே கணக்கிடும். ஆங்கிலத்தின் வழியே ஸ்பானியத்தை அணுகும் மாணவனுக்கு இத்துணை இல்லை. தன் பேச்சுத் தமிழை நினைவில் வைத்துக்கொண்டு அணுகுபவனுக்கு உண்டு.

இதனை மறுபுறத்திலிருந்து காண விரும்புவோர் மதுரையை விட்டு எங்கும் செல்ல வேண்டுவதில்லை. இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனம் பல்லாண்டுகளாக இந்நகரில் அயல்நாட்டு மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்து வந்திருக்கிறது. அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் கு. பரமசிவம் அத்தகைய மாணவர்க்குத் தமிழ் பயிற்றியவர். ஜேம்ஸ் லிண்ட்ஹோம் என்பாருடன் இணைந்து அவர்களுக்கெனப் பாடநூலும் எழுதியவர். அம்மாணவர்களின் முதல் நாட்கள் எப்படியிருக்கும் என்பதை நகரப் பேருந்தில் செல்லும் நாம் ஓரளவு அறிவோம். ‘இப்பேருந்து மாட்டுத்தாவணிக்குச் செல்லுமா?’ என்று திருத்தமாகக் கேட்கும் வெள்ளைக்கார இளைஞரை நோக்கி, ‘அங்கிட்டுப் போயி நில்லுங்க’ என்று விடை வருகிறது. ‘அங்கிட்டு’ அவர் பாடநூலில் இல்லை. அவர் விழிக்கிறார். சுற்றி நிற்போர் சிரிக்கின்றனர். உடனே யாராவது ஒருவர் உதவும் எண்ணத்துடன் ஆங்கிலத்தில் வழி சொல்லிவிடுகிறார். உதவிதான், ஆயினும் அவர் எதற்காகப் பல்லாயிரம் மைல் கடந்து வந்தாரோ அதனை அந்நொடியில் அவரிடமிருந்து பறித்துவிடுகிறோம். வந்தவர் தமிழில் தொடங்கினால் தமிழிலேயே, சற்று நிறுத்தி, விடை கூறுதல் அன்றோ விருந்தோம்பல்!

1606இல் இதே மதுரைக்கு வந்த இத்தாலியர் ராபர்ட் தெ நொபிலியை இங்கு நினைவுகூரலாம். அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார் இங்குப் பல்லாண்டுகள் வாழ்ந்திருந்தார். நொபிலி சமயம் பரப்ப வந்தவர். அவருடைய நோக்கமும் முறைகளும் இன்றளவும் விவாதத்திற்குரியன. அவை நம் பொருளல்ல. வந்தவர் முதலில் மாணவரானார் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. தமிழையும் வடமொழியையும் தெலுங்கையும் உள்ளூர் ஆசிரியர்களிடம் அமர்ந்து கற்றார். தமிழ் உரைநடை வரலாற்றில் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது அக்கல்வியால்தான்.

கிரனாதாவுக்குத் திரும்புவோம். ஒலிகளை முதலில் நோக்குவோம்.

கிராமத்து மாணவன் ‘இஸ்கூல்’ என்றும் ‘இஸ்டேஷன்’ என்றும் சொன்னால் நம் நகரத்துப் பள்ளிகளில் நகைப்பர். சொல்லின் முதலில் மெய்யெழுத்து வாராது என்பது தமிழ் மரபு. ஆகவே ஓர் இகரத்தை முன்னே இட்டுக்கொள்கிறோம். ஸ்பானிய மொழியும் இதையே செய்கிறது. இகரத்திற்கு மாறாக எகரத்தை இடுகிறது, அவ்வளவே வேறுபாடு. பள்ளி ‘எஸ்குவேலா’, நிலையம் ‘எஸ்தாஸியோன்’, மாணவன் ‘எஸ்துதியாந்தே’, அந்நாட்டின் பெயரே ‘எஸ்பாஞா’. ஏறத்தாழ 50 கோடி மக்களின் தாய்மொழியில் இலக்கணமாக நிற்கும் ஒன்று நம் வகுப்பறையில் பிழையெனத் தலைகுனிய வைக்கப்படுகிறது. நம் மாணவன் வாழ்நாளில் முதன்முறையாகத் தன் ‘இஸ்கூலுக்காக’ வெட்கப்படாமல் வாய்திறக்கும் இடம் அதுவாக இருக்கலாம்.

‘எஸ்பாஞா’ என்பதில் உள்ள ஞகரமும் நமக்கு உரியதே. ஆங்கிலேயர் இதனை ‘ன்ய’ என்று இரண்டாக உடைத்து இடர்ப்படுவர். ஞாயிறு என்று சொல்லத் தெரிந்தவனுக்கு இடரேயில்லை. அ, எ, இ, ஒ, உ என்னும் ஐந்து உயிர்களும் எந்நிலையிலும் திரியாமல் ஒலிப்பதும் நமக்கு எளிது. ரகரம் இரண்டு வகை: ஒற்றை ரகரத்தோடு ‘பேரோ’ என்றால் ‘ஆனால்’, அழுத்தி அதிரச் சொல்லும் ‘பெர்ரோ’ என்றால் ‘நாய்’. கன்னியாகுமரி வட்டாரத்தார் இன்றும் ரகர றகரங்களை வேறுபடுத்தி ஒலிப்பதைக் கேட்டவர்க்கு இது புதிதன்று. மதுரைப் பக்கத்தில் அவ்வேறுபாட்டைப் பேச்சில் இழந்துவிட்டோம், ஏட்டில் வைத்திருக்கிறோம். இன்னும் நுட்பமான ஒன்று: தமிழில் ‘தம்பி’ என்பதன் தகரமும் ‘அது’ என்பதன் தகரமும் ஒன்றல்ல, உயிர்களின் நடுவே வல்லினம் மெலிந்து ஒலிக்கும். ஸ்பானியத்திலும் அதுபோன்றே. விரலைக் குறிக்கும் ‘தேதோ’ என்னும் சொல்லில் முதல் தகரம் திண்ணியது, இரண்டாவது நெகிழ்ந்தது. யாரும் கற்பிக்காமலேயே தமிழன் நாக்கு இதைச் செய்துவிடும்.

ஓதப்பள்ளியில் சிறுவயதில் அமர்ந்தவர்க்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. வடபகுதி ஸ்பானியர் தொண்டையில் ஒலிக்கும் ‘ஹோத்தா’ என்னும் எழுத்து அரபின் ‘கா’ எழுத்தை ஒத்தது. நாநுனியைப் பல்லிடையே வைத்து ஒலிக்கும் அவர்களது மற்றோர் எழுத்து அரபின் ‘ஸா’ போன்றது. இவை அரபியர் விட்டுச்சென்ற ஒலிகள் என்று சிலர் பெருமையுடன் எழுதிவிடுகின்றனர், அது சரியன்று. அம்மொழி தன்போக்கில் அடைந்த மாற்றங்களே அவை. ஆயினும் பழகிய நாவுக்குப் பயன் பயன்தானே.

இலக்கணத்துக்கு வந்தால் தமிழாசிரியர்க்கு மகிழ்ச்சி தரும் செய்திகள் இன்னும் உள. ‘பேசுகிறேன்’ என்று நாம் சொல்லும்போது ‘நான்’ என்பது வேண்டுவதில்லை. வினைமுற்றின் விகுதியே எழுவாயை உணர்த்திவிடும். தோன்றா எழுவாய் என்று இளமையில் மனப்பாடம் செய்தோமே, அஃதே ஸ்பானியத்தின் அன்றாட வழக்கு. ‘ஆப்லோ’ என்றால் ‘பேசுகிறேன்’. ‘நான்’ என்னும் சொல்லை வற்புறுத்தலுக்கு மட்டுமே சேர்ப்பர். ஆங்கிலத்தின் வழியே கற்றவன் ஒவ்வொரு தொடரிலும் ‘நான், நான்’ என்று தொடங்கிக் கேட்பவர்க்குத் தற்பெருமைக்காரனாகத் தோன்றுகிறான்.

இதனினும் சுவையானது நான்காம் வேற்றுமை. ‘எனக்குத் தேநீர் பிடிக்கும்’ என்பது தமிழ். பிடித்தலைச் செய்பவன் நானல்லன். தேநீரே எழுவாய், எனக்கு அது பிடிக்கிறது. ஆங்கிலம் இதைத் தலைகீழாக்கி, விரும்பும் செயலை என்மேல் ஏற்றும். ஸ்பானியம் நம் பக்கம் நிற்கிறது: ‘மே குஸ்தா எல் தே’. ‘மே’ என்பது ‘எனக்கு’. தலைவலி வந்தாலும் அப்படியே: ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதைச் சொல்லுக்குச் சொல் ‘மே துவேலே லா கபேஸா’ என்று ஆக்கலாம். ஆங்கிலவழி மாணவர்கள் இத்தொடர் அமைப்பில் மாதக்கணக்கில் தடுமாறுகின்றனர். முதல் வாரத்தில் மருந்துக்கடைக்குச் செல்ல நேர்ந்த நம் மாணவன், தமிழில் நினைத்துச் சொல்லை மாற்றி வைத்தாலே போதும்.

எல்லாமே எளிது என்று சொல்லி அவனை ஏமாற்றுவதற்கில்லை. நமக்கு உயர்திணையில்தான் ஆண்பாலும் பெண்பாலும் உண்டு. மேசைக்கும் நாற்காலிக்கும் பால் கிடையாது. அங்கே மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால், இரவு பெண்பால், பகல் ஆண்பால். ஏன் என்று கேட்பதில் பயனில்லை. திணைப் பாகுபாட்டை அறிவின் அடிப்படையில் அமைத்துக்கொண்ட மொழியிலிருந்து வருபவனுக்கு இது கொடுமையாகவே படும். முதல் ஓராண்டு பிழை செய்துகொண்டேதான் இருப்பான். கேட்பவர்க்குப் பொருள் விளங்கும், கவலையில்லை. நீ, நீங்கள் என்பதுபோல் ‘தூ’, ‘உஸ்தேத்’ என்னும் வேறுபாடு அங்கும் உண்டு. ஆனால் இன்றைய ஸ்பெயினில் மாணவர் பலர் பேராசிரியரையும் பெயர் சொல்லி, ‘தூ’ என்றே அழைப்பர். நம் மாணவனுக்கு நா எழாது. எழவேண்டுவதுமில்லை, ‘உஸ்தேத்’ என்றே அவன் சொல்லட்டும், யாரும் தவறாகக் கொள்ளார்.

இனிச் சொற்கள். விடுதி அறைக்குள் நுழைந்ததும் அவன் காண்பன: ‘மேசா’, ‘அர்மாரியோ’, ‘தொவாயா’, ‘யாவே’. மேசை, அலமாரி, துவாலை, சாவி! பதினாறாம் நூற்றாண்டிலிருந்து நம் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் தந்த சொற்கள் இவை. ஸ்பானியம் போர்த்துக்கீசியத்தின் உடன்பிறப்பாதலின் முகச்சாயல் அப்படியே இருக்கிறது. வாத்து ‘பாத்தோ’, பாதிரி ‘பாத்ரே’, பப்பாளி ‘பப்பாயா’. இலங்கைத் தமிழர் செருப்பைச் ‘சப்பாத்து’ என்பர். கிரனாதாக் கடைவீதியில் அது ‘ஸப்பாத்தோ’.

இரண்டாவது வரவு அரபு வழியாக. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் அந்நாட்டின் ஏதேனும் ஒரு பகுதியில் அரபு ஆட்சிமொழியாக இருந்தமையால், ஸ்பானியத்தில் அரபுச் சொற்கள் வழிச்சொற்களோடு சேர்த்து ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் பல வீட்டுச் சொற்கள். நாம் ‘ஜைத்தூன்’ என்று அறிந்த பழம் அங்கே ‘அஸெய்த்தூனா’. சர்க்கரை ‘அஸூக்கார்’, வடமொழியும் பாரசீகமும் அரபும் கடந்து மேற்கே சென்ற சொல் இது. ‘நராங்ஹா’ என்னும் ஆரஞ்சுப் பழத்தின் பெயரை வேர்வரை தேடிச்சென்றால் நம் நாரத்தையின் சுற்றத்தை அடைவோம். அரிசிக்குரிய ‘அர்ரோஸ்’ என்பதை நம் அரிசியோடு இணைப்பவர்களும் உண்டு. அதனை முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டா, அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. சுங்கச்சாவடி ‘அதுவானா’; திவான் என்னும் சொல்லே அது. நகரத் தலைவருக்கு ‘அல்கால்தே’ என்று பெயர். அரபின் ‘அல் காழி’. பெரியார் பேருந்து நிலையத்தை அடுத்த காஜிமார் தெருவில் நடந்து பழகியவன், கிரனாதா நகராட்சி அலுவலகத்தின் வாயிலில் நின்று இச்சொல்லைப் படிக்கும்போது சற்றே புன்னகைப்பான். ‘அப்படியாகட்டும், இறைவன் நாடினால்’ என்னும் பொருளுடைய அரபுத் தொடரிலிருந்து பிறந்த ‘ஒஹலா’ என்னும் சொல்லை இன்று எச்சமயத்தாரும், எச்சமயமும் சாராதாரும் வாய்நிறையச் சொல்கின்றனர்.

அந்நகரைச் சூழ்ந்த சமவெளிக்கு ‘வேகா’ என்று பெயர். அதில் ஓடும் வாய்க்கால்களை ‘அஸேகியா’ என்பர். நீர்பாய்ச்சும் கால்வாயைக் குறிக்கும் அரபுச் சொல்லே இதுவும். தார்ரோ ஆற்றிலிருந்து அல்ஹம்ரா மாளிகைக் குன்றுக்கு நீர் கொண்டுசென்ற வாய்க்காலின் தடத்தை இன்றும் காணலாம். வைகைப் பாசனத்தில் மடை திறக்கும் முறைக்காக இரவெல்லாம் காத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன், அச்சமவெளியைப் பிறரைவிட விரைவில் புரிந்துகொள்வான். இப்னு பதூதாவை மதுரையில் பிழைக்கவைத்த புளிக்கு அங்கே பெயர் ‘தமரிந்தோ’. ‘இந்தியப் பேரீச்சை’ என்னும் பொருள்தரும் ‘தமர் ஹிந்தி’ என்ற அரபுப் பெயரின் திரிபு அது.

சொல்லோடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. முதல் வாரத்திலேயே அலுவலகப் படிவங்கள் எதிர்ப்படும். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட படிப்பாயின், நாட்டில் நுழைந்த ஒரு மாதத்திற்குள் அயல்நாட்டார்க்குரிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகராட்சியின் குடியிருப்போர் பதிவேட்டிலும் பெயரைப் பதிதல் வேண்டும். இங்கேதான் ஓர் இடர். ஸ்பானியர் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. ஒன்று தந்தை வழி, மற்றொன்று தாய் வழி. படிவத்தில் அவற்றிற்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்கோ குடும்பப் பெயரே இல்லை, தலைப்பெழுத்து ஒன்றுதான். கடவுச்சீட்டில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தால், அலுவலர் அவன் அத்தாவின் பெயரைச் சொல்லி அவனை உரக்க அழைப்பார். யாரையோ அழைக்கிறார் என்று இவன் அமர்ந்திருப்பான், முறை போய்விடும். கடவுச்சீட்டு எடுக்கும்போதே பெயரை முடிவு செய்து, சான்றிதழ்கள் அனைத்திலும் ஒரே வடிவில் இருக்குமாறு செய்துகொள்வது நலம். இது சிறு செய்தியாகத் தோன்றும். அயல்நாட்டில் அலைந்தவர்க்கே இதன் அருமை தெரியும்.

உணவைப் பற்றி இரண்டு சொல். பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்கும் கடைகளைக் கண்டு மருள வேண்டா. ‘நோ கோமோ ஸெர்தோ’, பன்றி இறைச்சி உண்பதில்லை, என்னும் தொடரை முதல் நாளே கற்றுக்கொண்டால் போதும். மரக்கறி மட்டும் உண்ணும் மாணவர் இதனினும் விழிப்பாக இருத்தல் வேண்டும். ‘வெஹெத்தால்’ என்று பெயரிட்ட ரொட்டி அடுக்கில் சூரை மீன் இருப்பது அங்கே இயல்பு. பழைய அரபுக் குடியிருப்பான அல்பைசீன் பகுதியில் 2003இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. மொராக்கோ நாட்டவர் நடத்தும் தேநீர்க் கடைகளும் அப்பகுதியின் அடிவாரத்தில் உள்ளன.

நேரக்கணக்கு வேறு. பகலுணவு இரண்டு மணிக்கு மேல். இரவுணவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில். லண்டனை ஒட்டிய நெடுவரையில் இருந்துகொண்டு 1940 முதல் ஜெர்மனியின் கடிகாரத்தைப் பின்பற்றும் நாடு அது. கோடையில் இரவு ஒன்பதரைக்கும் வானில் ஒளியிருக்கும். மற்ற ஐரோப்பிய நகரங்களில் ஏழு மணிக்கே ஊரடங்கிவிட, இங்கே நள்ளிரவிலும் தெருவில் குழந்தைகளோடு குடும்பங்கள் நடமாடும். பதினொரு மணிக்குப் பரோட்டாக் கல்லின் ஓசை கேட்டு வளர்ந்த தூங்கா நகரத்தான் அங்கே ஒன்றை மட்டும் எளிதில் ஏற்றுக்கொள்வான் என்றால், அது இந்த இரவுதான்.

ஆயினும் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஒரு வாயடைப்பு வந்தே தீரும். கேட்டுக் கேட்டுச் செவி களைக்கும். தன் ஊரில் நகைச்சுவையாகப் பேசியவன் அங்கே மூன்று வயதுக் குழந்தைபோல் ‘தண்ணீர், ரொட்டி, நன்றி’ என்று மட்டும் பேசுகிறான். தன்னை மந்தபுத்தி உடையவன் என்று எண்ணுவார்களோ என்னும் அச்சம் எழும். அப்போது இரண்டு புகலிடங்கள் அவனை அழைக்கும்: ஆங்கிலம் பேசும் பிற நாட்டு மாணவர் கூட்டம் ஒன்று, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் தமிழ்ப்படம் பார்த்தல் மற்றொன்று. ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்து மாணவர் மிகப் பெருந்தொகையினராக வந்து சேரும் பல்கலைக்கழகம் அது. ஆங்கிலக் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. அதில் ஓராண்டு இனிதாகக் கழித்துவிட்டு, ரொட்டிக் கடைக்காரரோடு பேசத் தெரியாமலே திரும்புவோர் உளர். குற்றம் சொல்வதற்கில்லை, அந்த அச்சம் உண்மையானது.

அதனை நாம் நன்கறிவோம். ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் வாடிப்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பேருந்தேறி வரும் பிள்ளைகள், கல்லூரியின் முதல் ஆங்கில விரிவுரையில் இதே வாயடைப்பில் அமர்ந்திருப்பதைக் கண்டுவருகிறோம். பள்ளியில் முதல் மதிப்பெண் பெற்றவன் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறான். அவன் ஒரு சொல்லைத் தவறாக ஒலித்தபோது வகுப்பு சிரித்ததும், ஆசிரியர்களாகிய நாமும் சிலவேளை உடன் சிரித்ததும் உண்டு. அன்று வாய் மூடியவர் சிலர் மூன்றாண்டும் திறக்கவில்லை. நாற்பது கிலோமீட்டர் தொலைவு வந்தவனுக்கு நாம் செய்ததையே பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்தவனுக்கு ஊரார் செய்வார்களோ என்று அவன் அஞ்சுவதில் வியப்பென்ன?

கிரனாதாவில் அவனுக்கு ஒரு நற்பேறு: சிறு கடைகளிலும் அலுவலகங்களிலும் ஆங்கிலத்தால் பெரும்பயன் இல்லை. மதுரையில் நாம் செய்வதுபோல் இடையில் புகுந்து ஆங்கிலத்தில் வழி சொல்வார் அதிகம் இலர். திரும்பத் திரும்ப, கையசைத்து, உரக்க, அவர்கள் மொழியிலேயே சொல்வார்கள். தொலைபேசியில் அழைத்தால் மறுமுனையில் ‘தீகமே’ என்பார்கள். ‘எனக்குச் சொல்லுங்கள்’ என்பது நேர்ப்பொருள். நாமும் தொலைபேசியை எடுத்ததும் ‘சொல்லுங்க’ என்றுதானே தொடங்குகிறோம்.

ஏழாம் நாள் மாலை அவன் ரொட்டிக் கடையிலிருந்து புறப்படும்போது கடைக்காரர் ‘அஸ்தா லுவேகோ’ என்கிறார். ‘பிறகு காணும் வரை’ என்று அதற்குப் பொருள். ‘அஸ்தா’ என்பதும் அரபின் ‘ஹத்தா’தான். மீண்டும் பார்க்க வாய்ப்பேயில்லாத வழிப்போக்கனிடமும் அப்படித்தான் சொல்வார்கள். நம் வீடுகளில் வாசற்படி இறங்கும்போது ‘போகிறேன்’ என்று சொல்ல விடமாட்டார்கள். ‘போயிட்டு வர்றேன்னு சொல்லுப்பா’ என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும். நம் மாணவன் மறுநாள் காலையிலும் ரொட்டி வாங்க வரவேண்டியவன். கடைக்காரர் சொன்னதையே அவனும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்குகிறான்.